மூக்கால் கேட்ட இங்கிலீஷ்

எங்கள் கம்பெனியில் இங்கிலீஷுக்கு வாசம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் மிஷினில் உட்கார்ந்து, கண் லேசாகச் சொருகுகிற நேரத்தில். நம்ப முடியாதவர்கள் திருப்பூருக்கு வந்து தண்ணித்தொட்டி வீதியில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், நான் யாரையும் கையைப் பிடித்து இழுத்துக் கதை சொல்லவில்லை. என் பேர் பாவாத்தாள், செக்கிங் டேபிளில் நிற்கிறேன், தைத்து வந்த பீஸில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டுவதுதான் பிழைப்பு, ஆகையால் யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்கிற புத்தி எனக்கு உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரம் போட்ட ஒரு நீளமான ஷெட், நாற்பது சொச்சம் பேர், ஒரு கண்ணாடி ரூம், அந்த ரூமுக்குள் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு போன், அந்தப் போனுக்குள் டெரெக். டெரெக் இங்கிலாந்தில் இருக்கிற பையர், எங்களுக்கு இருக்கிற ஒரே பையர், கைக்குழந்தைகள் ராத்திரி போட்டுக்கொண்டு தூங்குகிற உடுப்பை எங்களிடம் தைத்து வாங்கி அங்கே கடைக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று மணிக்கு அவர் வீட்டிலிருந்தே கூப்பிடுவார், அங்கே அப்போது காலைப் பலகார நேரம். அவரிடம் பேசுகிறது கோகிலவாணி.

கோகிலவாணி அவிநாசிப் பக்கத்துப் பெண், காலேஜில் இங்கிலீஷ் படித்தவள், புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் அத்தனையும் அத்துப்படி. ஆனால் டெரெக் பேசுகிற இங்கிலீஷ் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது டீயை உறிஞ்சிக்கொண்டே பேசுகிற இங்கிலீஷ், பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிற இங்கிலீஷ், ஆமாம் என்று சொல்லாமல் ஆமாம் என்றும் இல்லை என்று சொல்லாமல் இல்லை என்றும் சொல்கிற இங்கிலீஷ். ஒருமுறை அவர் சாம்பிளைப் பார்த்துவிட்டு "நாட் பேட் அட் ஆல்" என்றார். ஒன்றும் மோசமில்லை என்கிறாரே, அப்படியானால் எங்கேயோ மோசமாக இருக்கிறது என்று அந்தப் பெண் அழுது, காலர் அத்தனையையும் பிரித்து மறுபடி தைக்க வைத்துவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆள் வாழ்நாளில் யாரையும் அதைவிட அதிகமாகப் புகழ்ந்தது கிடையாதாம்.

அது போகட்டும், மான் விவகாரத்தைக் கேளுங்கள். போன வருசம் கொம்பு வைத்த மான் படம் போட்ட உடுப்பு ஒன்றைக் காட்டியதற்கு டெரெக் சொன்னது, "ஸவுண்ட்ஸ் குட், ஐ வில் பேர் இட் இன் மைண்ட்". நன்றாயிருக்கிறது, மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று கோகிலவாணி முதலாளிக்கு எடுத்துச் சொன்னாள். எங்கள் முதலாளி சென்னியப்பன் நல்ல மனுசன், நாலு தலைமுறையாகக் காடு உழுது பயிர் வைத்த குடும்பம், அவர் ஊரில் ஒருத்தன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சாகிற வரைக்கும் வைத்திருப்பான், அது பகையாக இருந்தாலும் சரி, பொண்ணு கொடுக்கிற பேச்சாக இருந்தாலும் சரி. "மனசுல வெச்சுக்கறேன்னு சொல்லிப்போட்டாரு, அப்பறம் என்னம்மிணி, நூல வாங்கு" என்று சொல்லி மான் மானாகத் தைத்துத் தள்ளினார். டெரெக் மனதில் வைத்ததெல்லாம் மனதிலேயே இருந்துவிட்டது. அந்தச் சித்திரை வெயிலில் தண்ணித்தொட்டி வீதியில் பிறந்த குழந்தை, தவழ்ந்த குழந்தை, நடந்த குழந்தை எல்லாம் கழுத்து முதல் கால் வரை பனிக்கால உடுப்பு மாட்டி, வயிற்றில் மானோடு வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு திரிந்தன.

இந்த வருசம் அப்படி ஒரு தப்பைத் தாங்குகிற தெம்பு கம்பெனிக்கு இல்லை. சென்னியப்பன் ஒருநாள் டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "இந்தக் குளிர்கால ஆர்டர் வந்துச்சுன்னா கம்பெனி ஓடும். வரலீன்னா ஷெட்ட குடோனுக்கு வுட்டுப்போட்டு நான் ஊருக்குப் போயி மாடு மேய்க்கறேன். உங்களுக்கெல்லாம் வேற எடம் சொல்லி வுடறேன்." சிக்கல் எங்கே என்றால், ஆர்டர் எழுத்தில் வருவதற்கு முன்பே நூலை வாங்கிப் போட்டால்தான் காலத்துக்குள் தைத்து அனுப்ப முடியும். வாங்கி ஆர்டர் வராவிட்டால் மான் கதை. வாங்காமல் ஆர்டர் வந்தால் தைக்க நாள் இருக்காது. ஆக நாற்பது சொச்சம் குடும்பத்துச் சோறும் டெரெக் மனதில் என்ன இருக்கிறது என்பதைக் கோகிலவாணி சரியாகக் கண்டுபிடிப்பதில் வந்து நின்றது. அந்தப் பெண் அன்றைக்கிலிருந்து பாதிச் சாப்பாட்டைக் காக்கைக்குப் போட ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய் வந்தது. கண்ணாடி ரூமில் ஏசி ரிப்பேர், கதவு திறந்திருந்தது, போன் சத்தமாக எல்லோருக்கும் கேட்டது. ஆர்டர் விசயம் என்ன ஆயிற்று என்று கோகிலவாணி கேட்க, டெரெக் உற்சாகமாக, "லீவ் இட் வித் மீ" என்றார். என்னிடம் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். சொன்ன கையோடு ஷெட் முழுக்க ஒரு வாசம் பரவியது. எரிகிற அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தால் வருமே, ஈரச் சாம்பல் வாசம், அதேதான். அயர்ன் மாஸ்டர் மயில்சாமி தன் பெட்டிதான் துணியைத் தீய்த்துவிட்டதோ என்று தூக்கிப் பார்த்தார். ஓவர்லாக் மிஷின்காரர்கள் வயரை முகர்ந்தார்கள். நான் டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், அங்கே என் செருப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய் வந்தது. டெரெக் ஒரு சாம்பிளை "க்வைட் நைஸ்" என்றார், கோகிலவாணி முகம் மலர்ந்தது, ஆனால் ஷெட்டுக்குள் புளித்துப் பொங்கி வழிந்த மாவு வாசம் அடித்தது. இன்னொன்றை "நாட் பேட்" என்றார், வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசம் வந்து துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் எச்சில் விழுங்கினார்கள். பிறகு பட்டன் விசயத்தில் ஏதோ வாக்குவாதம், டெரெக் குரலைத் தாழ்த்தி ரொம்பப் பணிவாக, "வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்" என்று ஆரம்பித்தார் பாருங்கள், வரமிளகாயைச் சட்டியில் போட்டுக் கருக்கின நெடி, நாற்பது பேரும் இருமி இருமிக் கண்ணில் தண்ணி. மரியாதை என்று வாயால் சொல்கிற ஆள் உள்ளே என்ன வறுத்துக்கொண்டிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

ஏன் வந்தது, எதனால் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் நெடி வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், வாசம் வந்தால் ஜன்னலைத் திறப்போம், அவ்வளவுதான். சாயப்பட்டறைத் தண்ணியோ என்று சந்தேகப்பட்டு ஒரு ஆபீசர் பெட்டி போல ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வந்த நேரம் டெரெக் மறுபடியும் அந்த மரியாதைப் பேச்சை எடுக்க, ஆபீசர் கர்ச்சீப்பில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு இருமினார், மிஷின் மட்டும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது. மிஷின் சொல்வதைத்தான் நான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, போகும்போது பேரனுக்கு ஒரு மான் உடுப்பு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீதிக்கு ஒரு விசேசம் மாதிரி ஆகிவிட்டது. மாசமாக இருக்கிறவர்களை மூன்று மணிக்குப் பின்பக்கம் அனுப்பிவிடுவோம், எந்த நேரத்தில் அந்த ஆள் மரியாதை கொடுப்பார் என்று யாருக்குத் தெரியும். வீதிமுனை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற ஞானசுந்தரம் மாஸ்டர் பெருந்தன்மையான மனுசன், தன் பிழைப்பு போகிறதே என்று மூக்கால் அழாமல், செவ்வாய் வகுப்பை எங்கள் ஜன்னலோரத்துக்கே மாற்றிவிட்டார். "மூச்ச நல்லா இழுங்க. இப்ப அர்த்தம் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் சொல்வார்கள். "டச் பேஸ்", அதாவது சீக்கிரம் பேசுவோம் என்றால் திறக்காத வீட்டுப் பாய் வாசம், ஆக அடுத்த மாதம் வரை கூப்பிடமாட்டார். "ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்", நல்லது நடக்கும் என்று நம்புவோம் என்றால் திருநீறு வாசம், ஆக அவருக்கே ஒன்றும் தெரியாது, சாமி விட்ட வழி. மாஸ்டரின் வகுப்பில் அந்த வருசம் சேர்ந்தவர்கள் அதிகம், சளி பிடித்தவர்களை மட்டும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், வாசம் டெரெக்கோடு நிற்கவில்லை, எங்கள் வாயில் வருகிற இங்கிலீஷுக்கும் தொற்றிக்கொண்டது. நாமெல்லாம் கஷ்டமான பேச்சை இங்கிலீஷில்தானே சொல்கிறோம், தப்புப் பண்ணினால் சாரி, கடன்பட்டால் தேங்க்ஸ், ஆசைப்பட்டால் லவ், தமிழில் சொன்னால் உடம்பில் துணியில்லாமல் நிற்பது போலக் கூச்சமாக இருக்கிறதே. இப்போது ஒருத்தர் வீட்டுக்குப் போன் போட்டு "ஆன் த வே" என்றால் மறுமுனையில் சுடச்சுட வடை வாசம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறார் என்று பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும். பவர் டேபிளில் தைக்கிற ஒரு பையன் ரெண்டு பெண்களிடம் தனித்தனியாக "லவ் யூ" சொல்லியிருக்கிறான், ரெண்டு பேரும் என் டேபிளில் வந்து பேசிப் பார்த்ததில் ரெண்டுக்கும் ஒரே கொய்யாக்கா வாசம். அவன் ஒரு மாதம் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தான். ஆம்பிளைகள் பலபேர் சுத்தத் தமிழுக்கு மாறினார்கள். தமிழுக்கு மட்டும் வாசம் வரவேயில்லை. தமிழில் பொய் சொன்னால் மூக்கு எதற்கு, மூஞ்சியே போதும்.

ஆனால் ஆர்டர் விசயம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் கேட்போம், வாரா வாரம் "லீவ் இட் வித் மீ", வாரா வாரம் ஈரச் சாம்பல். கோகிலவாணி, பையருக்கு அந்தப் பக்கம் ஏதோ சங்கடம் இருக்கலாம், ஒரு வாசத்தை வைத்து முடிவு கட்டவேண்டாம் என்று முதலாளியிடம் கெஞ்சி நாளைத் தள்ளினாள். கடைசியில் நூல்காரரும் பொறுமை இழந்தார். இந்தச் செவ்வாய்க்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சரக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். சென்னியப்பன் குடோனுக்குக் கேட்ட ஆளையும் அடுத்த வாரம் வரச்சொல்லிவிட்டார்.

அந்தச் செவ்வாயும் வந்தது. ஒரு மிஷின் ஓடவில்லை. முதலாளி தன் போனில் நூல்காரர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி ரூமில் நின்றார், நாங்கள் கதவடியில் நின்றோம், மாஸ்டரும் பிள்ளைகளும் ஜன்னலில். டெரெக் அன்றைக்கு என்றுமில்லாத குஷியில் பேசினார். "இட்ஸ் அ நோ ப்ரெய்னர், கோக்கி. குட் அஸ் டன். லீவ் இட் வித் மீ." யோசிக்கவே வேண்டாம், முடிந்த மாதிரிதான், என்னிடம் விடு. வார்த்தையைக் கேட்டால் பட்டாசு வெடிக்கலாம். ஆனால் வந்தது ஈரச் சாம்பல் வாசம், முன்னெல்லாம் ஒரு அடுப்பு அணைந்த வாசம் என்றால் இது ஒரு கல்யாண மண்டபத்து அடுப்பெல்லாம் அணைந்த வாசம், தொண்டையில் போய்ப் படிந்தது.

சென்னியப்பன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். எனக்கு முதலாளி அன்றைக்குச் சொன்ன வேறு இடம் ஞாபகம் வந்தது. வேறு இடம் என்றால் விடியாத நேரத்தில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிற பெரிய கம்பெனிகள், அங்கே நான் பாவாத்தாள் இல்லை, கழுத்தில் தொங்குகிற ஒரு நம்பர்.

கோகிலவாணிக்குப் பேச இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. புத்தகத்து இங்கிலீஷும் தீர்ந்தது, டெரெக்கிடம் கற்ற இங்கிலீஷும் தீர்ந்தது. போனையும் வைக்க மனசு வரவில்லை. பேச ஒன்றும் இல்லாதபோது நம் ஊரில் யாராக இருந்தாலும் என்ன கேட்போமோ அதைக் கேட்டாள். "ஹேவ் யூ ஈட்டன், டெரெக்?"

அந்த ஊரில் பையரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது, அவர் கொஞ்சம் தடுமாறிச் சிரித்தார். பிறகு, "ஓ, கான்ட் கம்ப்ளெயின்" என்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று பொருளாம். சொன்ன மாத்திரத்தில் ஈரச் சாம்பல் விலகி வேறொன்று வந்தது. நாள்கணக்கில் ஜன்னல் திறக்காத வீடு, காயாத துணி, ஆறிப்போன டீ, எல்லாவற்றுக்கும் மேலே ரொட்டி கருகுகிற வாசம், ஒரே ஒரு ஆளுக்கு வைத்த ரொட்டி. என் பக்கத்தில் நின்ற கைமடிப் பெண் காரணமில்லாமல் கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மிணி, அந்தாளு வூட்ல என்னமோ தீயுது. சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். உங்கள் வீட்டில் ரொட்டி கருகுகிறது, போய்ப் பாருங்கள் என்று, எந்தச் சுற்றுவளைப்பும் இல்லாத இங்கிலீஷில். மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம், ஓடுகிற சத்தம், ஏதோ ஒன்று பீப் பீப் என்று கத்துகிற சத்தம், பாத்திரத்தைத் தொட்டியில் போடுகிற சத்தம். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கோகிலவாணி, இங்கே எல்லோருக்கும் தெரியும் டெரெக், மாதக்கணக்காகத் தெரியும், அடுப்பு அணைந்திருப்பதும் தெரியும் என்றாள்.

அப்புறம் அவர் பேசினார் பாருங்கள், அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது, அவ்வளவு சின்னச் சின்ன வார்த்தை. என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்த ஆர்டரைக் கொடுக்கிற அதிகாரம் ரொம்ப நாளாகவே என்னிடம் இல்லை. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிவு செய்கிறது மோரீன் என்று ஒரு அம்மாள், இதுதான் அவள் நம்பர். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நாங்கள் மூக்கை விரித்துக்கொண்டு நின்றோம். ஒரு வாசமும் இல்லை, எங்கள் ஷெட்டின் பஞ்சுத்தூசு வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும்தான்.

"இத்தன மாசமா நம்மள நம்ப வெச்சுட்டானுங்களே" என்று மயில்சாமி பல்லைக் கடித்தார். எனக்கும் ஆத்திரம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கருகல் வாசம் இன்னும் ஞாபகத்தை விட்டுப் போகவில்லை, அதை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் திட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

டெரெக் ஒரு உபகாரமும் செய்தார். மோரீனிடம் நயமாகப் பேசாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது, சாம்பிளை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அனுப்புங்கள், அவள் முதலில் பார்ப்பது குழந்தையின் தோலில் படுகிற தையலைத்தான் என்றார். ஆக அது என் வேலை. செக்கிங் டேபிள் முழுக்க உட்கார்ந்து ஒரு பிசிறு இல்லாமல் உள்தையலை வெட்டி, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, மயில்சாமி கன்னத்திலும் தேய்த்துப் பார்த்து, அவர் முள்தாடி அதற்கு உதவாது என்று தள்ளிவிட்டு, திருப்பி மடித்து அனுப்பினோம். முதலாளி நூல்காரர் காலில் விழாத குறையாக அடுத்த செவ்வாய் வரை தவணை வாங்கினார். அந்த வாரம் முழுக்கக் கோகிலவாணி தினமும் ஒரு நிமிசம் டெரெக்குக்குப் போன் போட்டாள், ஆர்டருக்காக இல்லை, சாப்பிட்டாரா என்று கேட்க. அவரும் அவளிடம் எதையோ கற்றுக்கொடு என்று நச்சரிக்கிறாராம், என்னவென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்று சிரிப்பாள்.

மறு செவ்வாய் மோரீன் அம்மாளே கூப்பிட்டாள். சாம்பிள் வந்து சேர்ந்தது என்றாள். எத்தனை நாளில் முடியும் என்று கேட்டாள். கோகிலவாணி சொன்னாள். பிறகு அந்த அம்மாள், "ரைட் தென்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

எல்லோரும் மூச்சை இழுத்தோம். ஒன்றும் இல்லை. ஃபேனை நிறுத்தி இழுத்தோம், ஜன்னலைச் சாத்தி இழுத்தோம், முதலாளி போனையே தூக்கி மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். பச்சைத்தண்ணி போல இருக்கிறது அந்த அம்மாள் இங்கிலீஷ். ஞானசுந்தரம் மாஸ்டரைக் கேட்டோம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்து, "ரைட்டுன்னா சரி. தென்னுன்னா அப்புறம். சரி, அப்புறம்னு சொல்றாங்க" என்றார். சரி, அப்புறம் என்ன என்று சென்னியப்பன் கேட்டார். அதைத்தான் சொல்லவில்லையே என்றார் மாஸ்டர். நூல்காரர் வேறு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை மாதம் மூக்கை நம்பிப் பழகிவிட்டு, வாசமில்லாத ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்பது சொச்சம் பேர் முழித்துக்கொண்டு நின்றோம்.

கோகிலவாணி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற டெரெக்குக்குப் போன் போட்டாள்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், சொல்லிவிட்டு குட்பை சொன்னாளா, அப்படியே வைத்துவிட்டாளா என்று. அப்படியே வைத்துவிட்டாள் என்றாள் இவள். டெரெக் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே சொன்னார், அப்படி வைத்தாள் என்றால் இந்நேரம் அங்கே கம்பெனி குடோன்காரனிடம் சரக்குக்கு இடம் ஒதுக்கச் சொல்லக் கீழே இறங்கிப் போயிருப்பாள், அவள் வேண்டாம் என்று நினைத்தால் அரைமணி நேரம் காரணம் சொல்வாள், நீ போய் நூலை வாங்கு. பிறகு தன் பழைய வழக்கப்படி, "நாட் பேட், கோக்கி. நாட் பேட் அட் ஆல்" என்றார். ஷெட்டுக்குள் வெல்லப்பாகு கொதித்தது, தகரக் கூரை வரைக்கும் ஏறியது, ஏலக்காய் கூடப் போட்டிருந்தது. சென்னியப்பன் வெளியே போய் நூல்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்தில் ஆர்டர் பொழுது சாய்வதற்குள் வந்தது, ஆனால் அதற்குள் நூல்காரர் வண்டியிலிருந்து பாதி நூல் எங்கள் ஷெட்டில் இறங்கியிருந்தது.

கோகிலவாணி போனை வைக்கவில்லை. தேங்க்ஸ் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து டெரெக், நாக்கு எங்கெங்கேயோ இடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்துக் கேட்டார்.

"சாப்... டாச்சா, கோக்கி?"

தமிழுக்கு வாசம் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வந்தது அப்போதுதான் வடித்து இறக்கின சோற்று வாசம், ஆவியோடு, பருப்பும் நெய்யும் ஊற்றினது. மத்தியானம் வயிறு முட்டத் தின்றவர்கள் நாங்கள், தூக்குவாளியை எடுத்துத் திறந்து பார்த்தோம்.

"ஆச்சுங்க. நீங்க?" என்றாள் அவள், அழுதுகொண்டு.

"ஓ, கான்ட் கம்ப்ளெயின்" என்றார் டெரெக். நாற்பது சொச்சம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். ரொட்டிதான். கருகவில்லை. மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. தட்டு ஒன்று என்கிறார் மயில்சாமி. ரெண்டு தட்டு, கூட யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறேன் நான். இன்றைக்கு வரைக்கும் எங்கள் ரெண்டு பேருக்கும் இதில் தீர்ப்பு ஆகவில்லை, ஆனால் குறை பார்ப்பதுதான் என் வேலை, அந்த வாசத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.